முப்பது கரண்டிச் சத்துமாவு

"ஏனுங்க அம்மணி, இந்த டப்பாவுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார் சென்றாயன்.

மலைமேல் இருக்கும் செம்மேட்டில் நான் வேலை பார்த்த டெலிபோன் பூத்துக்குள் அவர் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்து வந்தார். நேராக நடக்கத் தொடை வலி விடவில்லை.

"ஓடறவங்களுக்கான புரோட்டீன் மாவுங்க" என்றேன். "கடுமையா பயிற்சி செஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள ஒரு கரண்டி பால்ல கலந்து குடிக்கணுமாம். களைச்ச தசை சீக்கிரம் தேறுமாம். மொத்தம் முப்பது கரண்டி."

அன்று சந்தை நாள். போன் பேசக் காத்திருந்த செல்லமுத்து எட்டிப் பார்த்தார். மரவள்ளி மூட்டை தூக்குபவர், சென்றாயனின் ஊர்க்காரர்.

"மூட்டை தூக்குனவனுக்கு எத்தனை கரண்டின்னு போட்டிருக்கு?"

"அப்படி ஒண்ணும் போடலீங்க. விளையாட்டு வீரருக்குன்னுதான்..."

"இவன் வெறுங்கையை வீசிக்கிட்டு ஓடறான். நான் எழுபது கிலோவோட மேடு ஏறறேன். ஆரு தசை களைக்கும்? நீயே சொல்லு கண்ணு."

சென்றாயன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"பந்தயத்துக்கு இன்னும் முப்பதே நாளு மாமா. எனக்கே சரியா இருக்கும். உட்டுருங்க."

இது நடந்தது 2001இல். சென்றாயன் தேவனூர் நாடு என்ற மலையூர்ப் பகுதியில் மிளகும் சாமையும் போடுகிறவர், வயது இருபத்திரண்டு. ஒருநாள் காலை பஸ்ஸைத் தவறவிட்டவர், கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி, நாலாவது வளைவில் அதே பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்று கைகாட்டினார். கண்டக்டர் இதை நாமக்கல்லில் ஓட்டப் பயிற்சி தரும் மாதேஸ்வரனிடம் சொல்ல, அவர் சென்றாயனை மாவட்டப் பந்தயத்துக்குச் சேர்த்துவிட்டார். முதலில் வரும் இரண்டு பேர் சென்னையில் நடக்கும் மாநிலப் பந்தயத்துக்குப் போகலாம். எப்படியும் போய்விட வேண்டும் என்று சென்றாயன் இரண்டு நாள் விடாமல் ஓடுவார். மூன்றாம் நாள் கால் மடங்காமல் கிடப்பார். அதற்காகத்தான் பயிற்சியாளர் அந்த டப்பாவைக் கொடுத்திருந்தார்.

அவர்கள் ஊரில் புதுச் சாமையைக்கூடக் கோயிலில் வைத்து, எல்லாருக்கும் ஒரு பிடி கொடுத்த பிறகுதான் வீட்டில் பொங்குவார்கள். சென்றாயனின் அம்மா பெருமாயி மாவுக்கும் அதே முறைதான் என்று சொல்லிவிட்டார்.

"புதுசை ஒண்டியாத் தின்னா சாமி குத்தமாயிரும்டா."

டப்பா பெருமாள் முன்னால் உட்கார்ந்தது. பதினொரு கரண்டி காலி. போதாக்குறைக்குச் சாக்லேட் ருசி. ஊரே விரலை நக்கியது.

அதற்குள், வேலை முடித்த அரை மணி நேரத்துக்குள் வந்தால் யாருக்கும் ஒரு கரண்டி என்று செல்லமுத்து ஊரெல்லாம் பரப்பியிருந்தார். காட்டிலிருந்து சென்றாயன் வீட்டுக்கு நாற்பது நிமிட ஏற்றம். அதனால் ஐந்து மணிக்கு வேலை முடித்த எல்லாரும் ஓடி வந்தார்கள். செல்லமுத்து மண்வெட்டியோடு வந்தார். ஆத்தாயி தலையில் புல்லுக்கட்டோடு வந்தார். பெருமாயி வாசலில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், நியாயம் தவறாதவர்.

"முப்பத்தஞ்சு நிமிசம். உனக்குக் கெடையாது, போ."

"புல்லுக்கட்டு சரிஞ்சிருச்சு ஆத்தா!"

"கட்டுக்கு வேணா ஒரு கரண்டி தாரேன்."

சென்றாயன் தன் பங்கைக் குடிக்க இவர்கள் எல்லாரையும் முந்த வேண்டியிருந்தது. ஆறாம் நாள் டப்பாவின் அடி தெரிந்தது. அவருக்குக் கிடைத்தது நாலு கரண்டி.

தின்றவர்களுக்கு அப்புறம்தான் மனசு உறுத்தியது. கொள்ளு, நிலக்கடலை, நாட்டுக்கோழி முட்டை என்று ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓடு, நடுவில் ஒழுங்காகப் படுத்துத் தூங்கு என்று பயிற்சியாளரும் சொல்லியனுப்பினார். கால் வலி குறைந்தது. ஆனால் ஓடிப் பழகியவர்கள் நிறுத்தவில்லை. மலைக்கு வந்த மாதேஸ்வரன், சென்றாயனை எட்டுப் பேர் மண்வெட்டி கடப்பாரையோடு துரத்துவதைப் பார்த்து, "டேய், அவனை உட்டுருங்கடா!" என்று அலறினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உடாதீங்கடா, அப்படியே தொரத்துங்க!" என்றார்.

மாவட்டப் பந்தயத்தில் சென்றாயன் இரண்டாவதாக வந்தார். சென்னைக்குப் போகும்வரை தாங்கட்டும் என்று அவருக்கு இன்னொரு டப்பா கிடைத்தது.

அதை உரச்சாக்கில் சுருட்டிக்கொண்டு பூத்துக்கு வந்தவர், வெளியே யாரும் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கம்பெனிக்கு இங்கிலீசுல ஒரு கடுதாசி எழுதுங்க அம்மணி. சாக்லேட் ருசி வேண்டாம், வேப்பங்கொழுந்து ருசியில போடச் சொல்லுங்க. எங்கூருக்கு மட்டும் போதுமுங்க."