முழங்காலுக்குக் கீழே நீட்டிய காபி

மானம் கெட்டவனுக்கு எங்கள் அல்பேனிய மலையில் காபியை முழங்காலுக்குக் கீழாகத்தான் நீட்டுவோம். திட்ட மாட்டோம், அடிக்க மாட்டோம், நாகரிகமானவர்கள். கொடுப்பவன் ஒரு காலைத் தூக்கி, அதற்கு அடியில் கையை விட்டுக் கோப்பையை நீட்டுவான். போன மானம் திரும்பும்வரை அவனுக்கு அப்படித்தான்.

லுலாஷ் பிரேலா இப்போது அப்படித்தான் காபி குடிக்கிறார். அதே விவகாரத்தில் எங்கள் மேயருக்குச் சமாதானப் பதக்கம் கிடைத்தது.

லுலாஷ் ஆடு வளர்த்தார், பாலாடைக்கட்டி செய்தார், பொய் சொன்னதில்லை. பொய் சொல்லாததை நல்ல குணம் என்றே நாங்களும் வெகுநாள் நம்பியிருந்தோம். மனைவி இல்லை. ஒரே மகள் திரானாவை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் மாண்டெநீக்ரோ. நாடு வேறு, கொடி வேறு. மொழியும் மாதா கோயிலும் சண்டை போடும் முறையும் ஒன்று.

சண்டை, மலைமுகட்டில் இருக்கும் ஊற்றுக்காக. கோடை மேய்ச்சலுக்கு வேறு தண்ணீர் கிடையாது. ஊற்று தங்களுடையது என்று இரண்டு ஊருக்கும் தெரியும். ஒரு கோடையில் துப்பாக்கி வெடித்து எங்கள் கோவேறு கழுதை ஒன்று செத்தது. கழுதையின் ரத்தத்துக்கு ரத்தம் கேட்கலாமா என்று பெரியவர்கள் கூடி ஆராய்ந்தார்கள். வழக்கத்தில் இடமில்லை என்று தெரிந்ததும் சிலருக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் அடுத்த குண்டு மனிதன்மேல் பட்டால் பழி பேரன் காலம்வரை போகும். பழிக்குப் பயந்து ஆண்கள் வாசலைத் தாண்டாத வீடுகள் எங்கள் ஊரில் உண்டு.

இந்த நிலையில்தான் மேயர் பாஷ்க் துஷா, வெளிநாட்டு மத்தியஸ்தரை அழைப்பதாகக் காபிக் கடையில் அறிவித்தார்.

"நம்ம புல்லைப் பங்கு போட நார்வேலேர்ந்து ஆள் வரணுமா, தலைவரே?" என்றான் கடைக்கார வுக்சான். "அங்க ஆடாவது இருக்கா?"

"ஆடு இருக்கோ இல்லையோ, அங்க யாருக்கும் இங்க மச்சான் இல்ல. எனக்கு அது போதும்."

"பயந்துட்டேன்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"ஆமாப்பா, பயந்துதான் போயிட்டேன். கழுதைக்குக் குழி வெட்டினதுக்கே இடுப்பு போச்சு. உனக்கும் வெட்டச் சொல்றியா?"

அந்தப் பக்கத்து மேயரும் சம்மதித்தார். அவருக்கும் இடுப்பு இருந்திருக்கும்.

மத்தியஸ்தராக நரைத்த தலையுடன் ஓர் அம்மாள் வந்தார். வானத்திலிருந்து படம் எடுப்பார், கருவி வைத்து அளப்பார், பழி அந்தக் கருவியோடு போய்விடும் என்பது மேயரின் கணக்கு. அம்மாளோ எங்கள் வழக்கங்களையெல்லாம் படித்துவிட்டு வந்திருந்தார். அவற்றின்படி எல்லைத் தகராறில் நேர்மையான ஒருவன் கல்லும் மண்கட்டியும் தோளில் ஏற்றி, சத்தியம் செய்து நடப்பான். அவன் நடந்ததே எல்லை. கல்லை இறக்கிய இடத்தில் அது எல்லைக்கல்லாக நிற்கும். பொய்யாக நடந்தவன் மறுமையிலும் அந்தக் கல்லைச் சுமப்பான். "இவ்வளவு அழகான முறை இருக்கும்போது கருவி எதற்கு?" என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். தீர்ப்பு மறுபடியும் உள்ளூர்க்காரன் தோளில் ஏறியது. எதிலிருந்து தப்பிக்க மேயர் அவரை அழைத்தாரோ, அதையே அவர் கையோடு கொண்டுவந்திருந்தார்.

இரண்டு ஊரும் சொன்ன பெயர் லுலாஷ். பொய் சொல்லாதவர் என்று நாங்கள். திரானாவின் அப்பா என்று அவர்கள். இரண்டு ஊரும் ஒத்துப்போனது அதுவே முதல் முறை.

முகட்டுக்கு ஏறும்போது வுக்சான் அவர் பக்கத்திலேயே நடந்தான். "அண்ணே, ஊத்தைத் தாண்டி அந்தப் பக்கமா நாலு எட்டு வையுங்க. போதும்."

"ஊத்து நம்மளுதுன்னு உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாது. ஆனா நம்மளுது."

"எனக்கும் தெரியாது. அதான் தொல்லை."

மேலே, அந்த ஊர்க் கூட்டத்தோடு திரானா நின்றாள். ஊற்று எங்களுக்கு வந்தால் அவள் வீட்டு ஆடுகளை விற்க வேண்டியதுதான். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

"கல்லு ரொம்பக் கனமாப்பா?"

"இன்னும் தூக்கலம்மா."

தூக்கினார். மண்கட்டி உதிர்ந்து கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கியது. இரண்டு ஊரும் வாயைத் திறக்காமல் பின்னால் நடந்தது. எங்கள் வரலாற்றில் அதுவும் புதிது. ஊற்றருகே வந்து நின்றார். ஊற்றை அவர்களுக்கு விட்டு இந்தப் பக்கம் நடந்தால் ஊருக்குத் துரோகி. அந்தப் பக்கம் நடந்தால் மகளுக்கு. எந்தப் பக்கம் நடந்தாலும், தெரியாததைத் தெரியும் என்று கடவுளிடம் சொன்னதாகும். கல்லை மறு தோளுக்கு மாற்றினார்.

பிறகு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, நட்டநடுவில் கல்லை வைத்தார்.

"எங்கப்பா இங்க தண்ணி குடிச்சாரு. இவங்க அப்பாக்களும் கூட உக்காந்து குடிச்சாங்க. அது எனக்குத் தெரியும். அதுக்கு மேல சத்தியம் பண்ண எனக்கு வாயில்ல."

அம்மாள் அதையே எல்லையாக எழுதினார். மேயர்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு, படத்துக்குச் சிரித்தார்கள். மேயருக்குப் பதக்கம் வந்தது. பாதி ஊற்றைத் தாரை வார்த்தவர் என்று லுலாஷுக்குக் காபி கீழே இறங்கியது. அந்த ஊரிலும் அவருக்கு அப்படித்தான் கொடுக்கிறார்களாம். இரு நாட்டு ஒத்துழைப்பு வளர்ந்துவருகிறது.

ஒருநாள் வுக்சானுக்கே மனசு கேட்கவில்லை. "அண்ணே, தோள் வலியில கல்லு நழுவிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த நிமிஷமே கோப்பையை மேல தர்றேன்."

"நழுவலடா. வச்சேன்."

வுக்சான் பெருமூச்சோடு காலைத் தூக்கினான். லுலாஷ் குனிந்து வாங்கி, ஆறுவதற்குள் குடித்தார்.

அதன் பிறகு முகட்டில் துப்பாக்கி வெடிக்கவில்லை. கல்லுக்கு அந்தப் பக்கம் திரானாவின் ஆடுகள், இந்தப் பக்கம் லுலாஷின் ஆடுகள். வுக்சானின் ஆடுகளும் அங்கேதான். தாகம் எடுத்தால் வுக்சானும் மண்டியிட்டுத்தான் அள்ளிக் குடிக்கிறான். ஊற்று அவ்வளவு தாழ்வில் இருக்கிறது.