செவ்வரளி வந்ததால் நான்கு முறை வெள்ளகோவில்

கோவையிலிருந்து வெள்ளகோவில் போய் வந்ததற்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பீர்கள். மலை கிடையாது, அருவி கிடையாது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் நான்கு முறை போய் வந்தவன் நான். சொல்ல நிறைய இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் கோபம்தான்.

ஆவணியில் மகனுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் கூட நின்று செய்கிற சீர் அது. எனக்கு மகள் இல்லை. அக்கா முறை, தங்கை முறை உள்ள பெண் யாராவது செய்யலாம். என் மனைவியின் அக்கா மகள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறாள். இன்னொருத்தி என் தம்பி குமாரசாமியின் மகள் நித்யா. தம்பி என்னோடு பேசி ஆறு வருடம் ஆகிறது. என் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேரில் வந்து தட்டு வைத்து அழைக்காத வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றான். வைக்கவும் இல்லை.

யாரை அழைப்பது என்று குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளரளி வந்தால் மனைவியின் அக்கா மகள், செவ்வரளி வந்தால் நித்யா. பூசாரி இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து அம்மன் காலடியில் வைத்து ஒன்றை எடுத்தார். செவ்வரளி. இன்னொரு முறை கேட்கச் சொன்னேன். அப்போதும் செவ்வரளி. மூன்றாவது முறை கேட்கச் சொன்னதும், "ஏனுங்க, அம்மன் சொன்னது காதுல உழுகலீங்களா?" என்றார் பூசாரி. பூ வந்த பிறகு மீறிப் பழக்கமில்லை.

முதல் பயணம் மனைவியோடு. காலை 6.10க்குச் சிங்காநல்லூரில் பஸ். பல்லடம் 7.05, காங்கயம் 7.50, வெள்ளகோவில் 8.25. அங்கிருந்து முத்தூர் ரோட்டில் நான்கு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய். தட்டு, வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் மடியில். தம்பியின் தோட்டத்து வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு பழனிக்குப் போய்விட்டார்களாம். போன் செய்துவிட்டுப் போயிருக்கலாமே என்பீர்கள். என் நம்பரை அவன் பிளாக் செய்தும் ஆறு வருடம் ஆகிறது.

இரண்டாவது பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. பல்லடம் தாண்டி டயர் வெடித்தது. அடுத்த பஸ் பிடித்து வெள்ளகோவில் சேர்ந்தபோது மணி பத்தரை, ராகு காலம் ஆரம்பம். அந்த நேரத்தில் தட்டு நீட்ட முடியுமா? பஸ் ஸ்டாண்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனால், தம்பி பதினோரு மணிக்கே கொப்பரை ஏலத்துக்குக் கிளம்பியிருந்தான். நித்யாதான் தண்ணீர் கொடுத்தாள். "அப்பா இல்லாம நான் தட்டு வாங்கக் கூடாதுங்க பெரியப்பா" என்றாள். அவள் சொன்னது முறைதான். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது முறை அவன் இருந்தான். எங்கள் ஆட்டோ திரும்புவதைப் பார்த்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு எங்களை ஒட்டியே போனான். முகத்தைக்கூடத் திருப்பவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மனை வாய்விட்டே திட்டினேன், பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து முன்னால் போய்விட்டார். உத்தரவு போடுகிறவளுக்குக் கோயில் படியை விட்டு இறங்க வேண்டியதில்லை. காங்கயத்தில் நின்று கால் கடுப்பது எனக்கு. வீடு வந்ததும் மனைவி சொல்லிவிட்டாள்: "இனி நீங்களே போயிட்டு வாங்க. அம்மன் எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்லலீங்க."

கல்யாணத்துக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது. மனைவியின் அக்கா மகளுக்குப் போன் போட்டேன். ஒரு ரிங் போவதற்குள் வைத்துவிட்டேன். செவ்வரளியை இரண்டு முறை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்னால் வேறு செய்ய முடியவில்லை.

நான்காவது பயணம் தனியாக. 5.30 பஸ், 7.45க்கெல்லாம் வெள்ளகோவில். தம்பி களத்தில் கொப்பரை காயப் போட்டுக்கொண்டிருந்தான். பைக்குக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"நானா வரல. அம்மன் சொல்லி வந்துருக்கறேன். நித்யாதான் இணைச்சீர் செய்யோணும். தட்ட வாங்கு. வாங்காட்டி அடுத்த வாரமும் வருவேன், அதுக்கடுத்த வாரமும் வருவேன்."

அவன் கொப்பரையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக்குள்ளிருந்து நித்யா வந்தாள்.

"பெரியப்பா, நீங்க மொதத் தடவ வாரதுக்கு முந்தியே அப்பாவும் பூக் கேட்டாருங்க. வெள்ளை வந்தா நாமளே உங்க ஊட்டுக்குப் போலாம்னு. வெள்ளைதானுங்க வந்துது."

தம்பி பக்கம் திரும்பினேன். "நெசமாடா?" என்று கேட்டேன்.

"வெள்ளை வந்தா போலாம்னு நெனச்சனா, வேண்டாம்னு நெனச்சனான்னு மறந்து போச்சுங்ணா" என்றான். சின்ன வயதிலும் பொய் சொல்லும்போது இப்படித்தான் காலால் மண்ணைக் கிளறுவான்.

கோபம் வராமல் என்ன செய்யும்? உத்தரவு அவனுக்கும்தான் வந்திருக்கிறது. அதன்படி நடக்காதவன் களத்தில் நிம்மதியாக நிற்கிறான், நடந்த நான் நான்கு முறை பஸ் ஏறுகிறேன். அம்மன் இரண்டு பேருக்கும் சொல்லிப் பார்த்துவிட்டு, நகர்கிறவன் தலையில் மொத்த வேலையையும் கட்டிவிட்டாள். இதையெல்லாம் அவனிடமும் சொன்னேன், உரக்கவே சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டை வாங்கினான்.

போகிறவர்களுக்கு: ஆறு மணிக்குள் கிளம்பினால் உட்கார இடம் கிடைக்கும். காங்கயத்தில் பஸ் பத்து நிமிடம் நிற்கும், டீ குடிக்கலாம். வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். போன முறை கொண்டுபோன தேங்காயையே மறுபடி தூக்கிப் போகாதீர்கள், என்னுடையது அழுகிவிட்டது. பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்குத் தம்பிதான் பைக்கில் கொண்டுவந்து விட்டான். பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"புது ஊட்டுக்கு எங்கீங்ணா எறங்கோணும்?"

ஆறு வருடமான வீடு, பெயிண்ட்டே ஒரு முறை மாற்றியாகிவிட்டது. சிங்காநல்லூரில் இறங்கு, நான் வந்து நிற்கிறேன் என்றேன்.