அண்ணி படித்த பழைய சட்டம்

அண்ணன் சுரேந்தர் போர்வெல் லாரியோடு ஆப்பிரிக்காவுக்குப் போனவன். "ஏம்புள்ள, இங்க நூறடியிலயே தண்ணி பீச்சுது. உன்ற கொழாயில வருதா?" என்று போனில் அண்ணியைச் சீண்டுவான். "மொதல்ல வந்து நம்மூட்டுல ஒரு போர் போடுங்க, அப்பறம் பேசலாம்" என்பாள் அண்ணி. போன சித்திரையில் இரும்புக் குழாய்கள் சரிந்து விழுந்ததில் அங்கேயே இறந்துபோனான்.

அண்ணி தாமரைச்செல்வி மலைமேல் திண்ணனூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் கிராமச் செவிலியர். அடிவாரத்திலிருந்து அம்மாவும் நானும் அவளிடம் போய்ச் சேர்ந்தோம். அம்மா கேட்டது ஒன்றுதான்.

"அவம் மொகத்த ஒருக்காப் பாத்தாப் போதும், கண்ணு."

அங்கேயே அடக்கம் செய்யக் கம்பெனிக்காரர் கையெழுத்துக் கேட்டார். அண்ணி மறுத்துவிட்டாள். செம்மேடு பேருந்து நிலையத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே நின்றபடி, அண்ணன் இறந்த அந்த ஆப்பிரிக்க நாட்டின் சட்டத்தைப் போனில் தேடினாள். அரசாங்கப் பக்கத்திலேயே இருந்தது. நெருங்கிய உறவினர் சம்மதமில்லாமல் புதைக்கக் கூடாது என்ற வரியை வந்து அம்மாவுக்குச் சொன்னாள்.

"அப்ப நாம கையெழுத்துப் போடாத வரைக்கும் அவனத் தொடமாட்டாங்களா?"

"தொட முடியாதுங்க அத்தை."

அன்றைக்குத்தான் அம்மா சோறு தின்றாள்.

"ஊசிய எங்கிட்டக் குடுத்துட்டு நீ கோர்ட்டுக்கே போயிரு, வக்கீலம்மா" என்றாள் கூட வேலை செய்யும் ஜெனிபர். அண்ணி லேசாகச் சிரித்தாள். தாசில்தார் சான்று, மொழிபெயர்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அவசரப்படவில்லை. அந்த ஒரு வரி அண்ணனைக் காத்து நிற்கிறது என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

எல்லாம் கைக்கு வந்த வாரத்தில் போன் வந்தது. அங்குள்ள நகராட்சி அவனைப் புதைத்துவிட்டது.

நாமக்கல்லில் வக்கீல் ஜெசிந்தாவிடம் அந்த வரியைக் காட்டினோம்.

"இது மொதல்ல போட்ட சட்டம்மா. அப்பறம் திருத்தம் எதும் வந்துச்சான்னு பாத்தீங்களா?"

அண்ணி அதைப் பார்த்திருக்கவில்லை. வக்கீலே தேடி எடுத்தார். அரசிதழில், வேறொரு பக்கத்தில், இருந்தது. குறித்த காலத்துக்குள் யாரும் உடலை வாங்கிக்கொள்ளாவிட்டால் நகராட்சி அடக்கம் செய்யலாம்.

பிறகுதான் அண்ணி முறையாகக் கற்றாள். சட்டம் கிடைத்ததும் நிற்கக் கூடாது. திருத்தம் பார்க்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது, எந்த மொழிப் பிரதி செல்லும் என்றும் பார்க்க வேண்டும். அப்படித் தேடித்தான் புதைத்த குழியைத் திறப்பது பற்றிய பிரிவைக் கண்டுபிடித்தாள். குற்ற விசாரணைக்கு மட்டும் திறக்கலாம். குடும்பத்தார் கேட்டால் முடியாது. திருத்தங்களை ஒன்று விடாமல் பார்த்தாள். எதிலும் வழி இல்லை.

அம்மா இப்போது எதையும் கேட்பதில்லை.

போன சந்தையன்றும் மரவள்ளிக்கிழங்கு வாங்கியதும் அண்ணி பேருந்து நிலையத்தில் ஓரமாக ஒதுங்கினாள். போனில் அந்த நாட்டு அரசிதழ்.

"இன்னுமாங்க அண்ணி?"

"நமக்குத் தெரியாமத்தான கண்ணு ஒருக்கா மாத்துனாங்க. மறுபடி மாத்தியிருந்தா?"

கிழங்குப் பையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பக்கம் திறக்க நேரமானது. எங்கள் பஸ் கிளம்பிப் போனது. இருவரும் அங்கேயே நின்றோம்.