ரங்கூன் இல்லாத தேசப்படம்

எங்க வீட்டுல உலகம் பூரா இருந்துது. ஒரு தேக்கு பீரோ நிறைய. தொடத்தான் கூடாது.

என்னைக் கட்டினவுக தென்காசிக் கோர்ட்டுல வக்கீல். குத்தாலத்துல சீசன் முடிஞ்சு துரைமாருக பங்களாவைக் காலி பண்ணிட்டுப் போகும்போது சாமானை எல்லாம் ஏலம் போடுவாக. மத்தவுக கட்டில், கண்ணாடி, பீங்கான்னு எடுப்பாக. இவுக மட்டும் பூச்சி அரிச்ச பழைய தேசப்படப் புஸ்தகமாத் தூக்கிட்டு வருவாக. இருநூறு வருசத்துக்கு முந்தி சீமையில அச்சடிச்சதாம். அச்சடிச்ச பிறகு ஒவ்வொரு தாளுக்கும் ஆளு உக்காந்து கையால வர்ணம் தீட்டினதாம். கரையோரம் இளம்பச்சை, எல்லைக்கு ரோஸ், கடல்ல ஒரு கப்பல், ஒரு திமிங்கலம். அழகில்லைன்னு நான் சொல்லமாட்டேன். கல்யாணமாகி வந்த புதுசுல நானும் வாயைப் பொளந்து பாத்தவதான்.

ஆனா விரல் படக் கூடாது. கையில இருக்க எண்ணெய் தாள்ல ஏறிருமாம். அதுக்குன்னு ஒரு ஈர்க்குச்சி வச்சிருந்தாக. அதைத் தாள்ல படாம மேலாக்கப் பிடிச்சுத்தான் எந்த ஊரையும் காட்டணும். சாரல் காலத்துல வீடே நமுத்துப்போகும். பிள்ளைக இருமிக்கிட்டுக் கிடக்கும். இவுக பீரோவுக்குள்ள வசம்பு வச்சாச்சா, அந்த அறையில நெருப்புச்சட்டி வச்சாச்சான்னு கேப்பாக. பிள்ளைக்கு என்ன செய்யுதுன்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டாக. உலகத்தையே பூட்டி வச்சிருந்த மனுசன், என்னைச் செங்கோட்டைக் குகையைத் தாண்டிக் கொல்லம் வரைக்கும் ஒரு தடவை ரயில்ல கூட்டிட்டுப் போனதில்லை. அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியும்.

அது போகட்டும். எனக்குக் கூடப்பொறந்தது ஒரே ஒரு தங்கச்சி. அம்மை சின்னதுலயே போயிட்டதால அவளுக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி வளத்தது நான்தான். அவ மாப்பிள்ளைக்கு ரங்கூன்ல ஒரு அரிசி மில்லுல கணக்கு வேலை. தாலி ஏறின மறுமாசமே கப்பல் ஏறிட்டா. யுத்தம் வந்து, ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டுட்டான்னு ஒரு மார்கழியில சேதி வந்துது. கப்பல் கிடைக்காதவுக எல்லாம் மலையும் காடுமா நடந்து வாராகன்னு பேசிக்கிட்டாக.

அன்னைக்குத்தான் முதல்முதலா அந்தப் பீரோவை நம்பி ஒரு காரியம் கேட்டேன். ரங்கூன் எங்கன இருக்கு, அங்கன இருந்து நடந்தா நான் வளத்த பிள்ளை எந்த வழியா வருவாள்னு காட்டுங்கன்னேன். அவுக மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம். இருக்கதுலயே ஒசத்தியான புஸ்தகத்தை எடுத்து விரிச்சாக. நான் குனிஞ்சு பாத்தேன். கடல் இருந்துது, கப்பல் இருந்துது.

"இதுல ரங்கூன் கிடையாதுட்டி. இதை வரையும்போது அந்தப் பட்டணமே இல்லை. அதுதான் இதுக்கு மதிப்பே" ன்னாக.

குச்சியை ஒரு ஆத்து முகத்துக்கு மேல பிடிச்சு, இங்கன எங்கனயாவது இருக்கும்னாக. அதுக்கு வடக்கே மலைப்பக்கம் ஊரும் இல்லை, பாதையும் இல்லை, ரெண்டு ஆனை நின்னுது. இது என்னன்னு கேட்டேன். தெரியாத எடத்தைப் படம் வரையுதவன் சும்மா விடாம, ஆனை புலின்னு போட்டு ரொப்பிருவானாம். பள்ளிக்கூடத்துல தொங்குத மாதிரி ஒரு புதுப் படம் வாங்கிட்டு வரலாம்லான்னேன். அதெல்லாம் மிஷின் அச்சு, அந்தக் குப்பையை யாரு வீட்டுல வைப்பான்னு புஸ்தகத்தை மூடிட்டாக. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சும்மாவா சொன்னாக.

எங்க ஊரு கோயிலுக்கு மொட்டைக் கோபுரத்தைத் தாண்டிப் போய்க் கும்பிடாத நாள் இல்லை. குத்தாலத்துல தண்ணி விழுந்துது, சீசன் வந்துது, போச்சு. அவகிட்ட இருந்து ஒரு காயிதம் இல்லை. சரஸ்வதி பூசையும் வந்துது. வருசா வருசம் அந்தப் புஸ்தகங்களையும் பூசையில அடுக்குவோம். அதுக்கும் அவுக சட்டம் உண்டு. துணியைச் சுத்தி, துணிமேலதான் பொட்டு வைக்கணும். அன்னைக்கு அவுக குளிக்கப் போயிருந்த நேரத்துல நான் துணியை அவுத்து அந்தத் தாளைப் பிரிச்சேன். குச்சி காட்டின ஆத்து முகத்துல மஞ்சளைக் குழைச்சு வச்சு, அதுமேல குங்குமம் வச்சேன். ஊரு இல்லாட்டி என்ன தாயே, பொட்டு இருக்கட்டும், அவ பொட்டோட வந்து சேரட்டும்னு வேண்டிக்கிட்டேன். மனசு கொஞ்சம் ஆறுன மாதிரி இருந்துது.

மறுநாள் விசயதசமிக்குப் புஸ்தகத்தைப் பிரிச்சவுக கத்தலை. கத்தியிருந்தாத் தேவலை. ரொட்டி வாங்கிட்டு வரச்சொல்லி, அதோட உள்பஞ்சை உருட்டி உருட்டிப் பகல் பூரா அந்தப் பொட்டை ஒத்தி எடுத்தாக. குங்குமம் போச்சு, மஞ்சக்கறை போகலை. என் தங்கச்சிக்காக ஒரு வாய்ச் சோத்தைத் தள்ளாத மனுசன், அந்தத் தாளுக்காக ரெண்டு வேளை பட்டினி கிடந்தாக. தீவாளி வரைக்கும் எங்கூடப் பேசலை. நான் அடுக்களையில உக்காந்து, அவளுக்காக அழுதேனா, அழிச்ச பொட்டுக்காக அழுதேனான்னு எனக்கே தெரியாம அழுதேன்.

கார்த்திகையில அவ மாப்பிள்ளை வந்தான். ஒத்தையா வந்தான். வாசல்ல பாத்ததுமே எனக்கு விளங்கிட்டு. எலும்பும் தோலுமா இருந்தான். வழியில அவளுக்குக் காய்ச்சல் கண்டுதாம். தூக்கிச் சுமந்து பாத்தானாம். ஒரு மலைச்சரிவுல மழைக்குள்ளயே அவ உசுரு போச்சு. எரிக்கலாம்னா காஞ்ச சுள்ளி இல்லை, தோண்டலாம்னா மண்வெட்டி இல்லை. கையாலயே தோண்டினானாம். அதுக்குப் பிறகு அவனும் காய்ச்சல்ல விழுந்து ரொம்ப நாள் ஆஸ்பத்திரியில கிடந்திருக்கான். உங்களுக்குக் காயிதம் எழுத மனசு வரலைன்னான். விரல் நகம் எல்லாம் கோணல்மாணலா முளைச்சிருந்துது.

யாரும் கேக்காமலே இவுக எந்திரிச்சுப் போய், பீரோவைத் திறந்து அந்தப் புஸ்தகத்தைக் கொண்டாந்து விரிச்சாக. எந்த எடம்னு காட்டுங்க தம்பின்னாக. துக்கம் தாங்காமக் கேட்டாகளா, புஸ்தகத்தைக் காட்டுத ஆசையில கேட்டாகளான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. அவன் ரொம்ப நேரம் பாத்தான். ஊரு தேடினான், ஆறு தேடினான். கடைசியில அவன் கை அந்த ஆனைக கிட்டப் போச்சு.

இவுக சட்டுனு ஈர்க்குச்சியை எடுத்து நீட்டினாக. "இதை வச்சுக் காட்டுங்க, விரல் பட்டாக் கறை ஏறிரும்."

நான் குச்சியைப் பிடுங்கினேன். கல்யாணமான நாள்ல இருந்து அவுக கையில இருந்து நான் எதையும் பிடுங்கினதில்லை. "அவளைப் பொதைச்ச கை அது. படட்டும்" னேன்.

அவன் ரெண்டு ஆனைக்கும் நடுவுல விரலை வச்சான். எடுக்கவே இல்லை. தோளு குலுங்க அழுதான், நானும் அழுதேன். இவுக அப்பவும் தாளைத்தான் பாத்துக்கிட்டிருந்தாக.