வெடி இல்லாத கதைகள்

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் நெஞ்சுவலியில் இறந்தார். வெடிவிபத்தில் இறக்கவில்லை. துக்கம் கேட்க வந்த உங்களில் பாதிப் பேர், "எந்தக் கம்பெனியில வெடிச்சது?" என்று கேட்டுக்கொண்டேதான் செருப்பைக் கழற்றினீர்கள். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு ஆறவில்லை. "கோவமா எழுதாத தாயி, மலர்ல எழுதுறது காலத்துக்கும் நிக்கும்" என்றார் மாமா. நிற்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அண்ணன் தாயில்பட்டியில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பட்டாசுத் தொழிலாளர்கள். அண்ணன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது அப்பா வேலை பார்த்த அறை வெடித்தது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அதன்பிறகு அம்மா பேச்சையே விட்டுவிட்டார். சோறு பொங்குவார், வேலைக்குப் போவார், வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் அண்ணன் அவருக்கு ஒரு கதை சொன்னார். ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ஒரு பேய் ஏறுகிறது. டிக்கெட் கேட்டால் மட்டும் மறைந்துவிடுகிறது. கண்டக்டர் பேய்க்குப் பயப்படவில்லை. செக்கிங் வந்தால் என்ன சொல்வது என்றுதான் பயப்படுகிறார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சினிமாவுக்குக் கதை எழுத வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

"எங்கம்மா தியேட்டர்ல உக்காந்து முழுசாப் பாக்கணும். பாதியில எந்திரிச்சுப் போயிரக் கூடாது" என்பார். கடைசிவரை அவர் வைத்திருந்த ஒரே சட்டம் இதுதான்.

படிப்பை விட்டுவிட்டு அவரும் பட்டாசுக் கம்பெனிக்கு லோடு ஏற்றப் போனார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது. அதனால் தோன்றுவதையெல்லாம் உடன் வேலை பார்த்த கூட்டாளி மாரியப்பனிடம் சொல்லிவைப்பார். பெட்டி ஏற்றிக்கொண்டே இருவரும் காட்சிகளை அடுக்குவார்கள். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்ததும் எங்கள் வீட்டில் பாய் விரித்து எழுத உட்காருவார்கள். கதையும் காட்சியும் அண்ணன், வசனம் மாரியப்பன். இடைவேளைக் காட்சி வந்துவிட்டால் வீடு ரெண்டுபடும்.

மல்லாங்கிணற்றில் புருஷனும் பெண்டாட்டியும் கவுன்சிலர் தேர்தலில் எதிரெதிராக நிற்கும் கதை ஒன்று. ஒரே வீடு, ஒரே அடுப்பு, இரண்டு சின்னம். "ஏலே, ஜெயிச்ச பொம்பள புருஷன் காலுலயா விழுவா? எங்க மதினிகிட்டச் சொன்னா வெளக்கமாத்த எடுத்துருவாக" என்று மாரியப்பன் தாளைக் கசக்கி எறிவார். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருவாரம் பேச்சுவார்த்தை இருக்காது. பிறகு மாரியப்பன் சேவு பொட்டலத்தோடு வந்து உட்காருவார், தேர்தல் மறுபடி நடக்கும். எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவார்கள். அம்மா சிரிக்காத காட்சியை அங்கேயே அடித்துவிடுவார்கள். இப்படித்தான் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் திரைக்கதைகள் சேர்ந்தன.

கடைசியில் சென்னையிலிருந்து ஓர் இயக்குநர் கதை கேட்கக் கூப்பிட்டார். பேய்க் கதையைக் கேட்டார். "சூப்பர் பிரதர். அந்தப் பேய் பட்டாசு ஆலை வெடிச்சு செத்ததுன்னு வெச்சுக்கலாம்" என்றார். தேர்தல் கதையைக் கேட்டார். "ஹீரோயினோட தம்பியை வெடிவிபத்துல கொன்னுடலாம். அப்பதான் எமோஷன் நிக்கும்" என்றார். அடுத்தது ஒரு திருடன் கதை. அவன் திருடப் போன வீட்டைப் பட்டாசுக் குடோனாக மாற்றச் சொன்னார். எதை எடுத்துப் போனாலும் கடைசியில் எங்கள் ஊர் எரிந்தாக வேண்டும். ஏன், நாங்கள் காதலிக்க மாட்டோமா? தேர்தலில் நிற்க மாட்டோமா? பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட மாட்டோமா? செத்தால்தான் நாங்கள் உங்கள் கண்ணுக்குத் தெரிவோமா? என்ன அநியாயம் இது!

"ஒரே ஒரு சீன் வச்சுத் தொலைவோம்லே" என்று மாரியப்பனே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "எனக்கு எழுதத் தெரியாமலா இருக்கு? நான் பாத்தவன்லே. எங்கம்மா எந்திரிச்சுப் போயிரும்" என்றார் அண்ணன்.

போன வருஷம் சீசன் நேரத்தில், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தேர்தல் கதைக்குக் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி இருந்தது.

போன மாதம் அதே இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணனின் வாழ்க்கையையே படமாக எடுக்கப் போகிறாராம். மாமா ஓடிப்போய்க் கலர் வாங்கி வந்தார். சொந்தக்காரர்கள் கூடிவிட்டீர்கள். குடித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னார்: "ஹார்ட் அட்டாக் வேணாம்மா, ஃப்ளாட்டா இருக்கும். அப்பா போன மாதிரியே மகனும் வெடியில போறார்னு மாத்திக்கிறோம். நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

"போட்டுருங்கக்கா. நம்ம பய பேரு ஒலகம் பூரா தெரியும்ல" என்றார் மாமா. கூடியிருந்த நீங்களும் தலையாட்டினீர்கள்.

அம்மா பேனாவைத் தொடவில்லை. "என் வீட்டுக்காரரைச் சாக்குல கட்டிக் கொண்டாந்து குடுத்தாக. என் புள்ளையவாச்சும் மொகம் பாத்து அனுப்புனேன். அந்த மொகத்தையும் இல்லன்னு ஆக்கணுமா தம்பி?" என்றார்.

வந்தவர் எழுந்து போய்விட்டார். அவர் வைத்துவிட்டுப் போன தாள் இன்னும் மாமாவின் பையில் இருக்கிறது. மாமா, இந்த நிகழ்ச்சிக்கு அலைந்து திரிந்து எல்லாம் செய்தவர் நீங்கள். அதற்கு என் நன்றி. அந்தத் தாளை இன்றைக்கே கிழித்துப் போடுங்கள்.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ ஓட்டியவருக்கும், தோள் கொடுத்த கம்பெனிக்காரர்களுக்கும், அண்ணன் கதை சொன்னபோது நின்று கேட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாரியப்பன் அண்ணனுக்கு நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாது. தேர்தல் கதையின் கடைசிக் காட்சியை அவர் எழுதி முடித்துவிட்டார். இன்று பந்தி முடிந்ததும் நம் வீட்டில் வாசிக்கப் போகிறார். அம்மா முன்னால் உட்கார்ந்திருப்பார். இலையை மடித்த கையோடு பஸ்ஸுக்கு ஓடாமல், நீங்களும் இருந்து கேட்டுவிட்டுப் போங்கள். அந்தக் கதையில் ஒருவரும் சாகவில்லை.

தங்கை,
தாயில்பட்டி