பஞ்சுக்கை உடைத்த லாக்கு

பைக்குகளில் டூரிங் பைக் என்று ஒரு ரகம் உண்டு. நாள் கணக்கில் ஓட்டினாலும் அலுக்காதபடி முன்னால் காற்றுத் தடுப்பு, இரண்டு பக்கமும் பளபளவென்று பிளாஸ்டிக் மூடிகள், பின்னால் பெட்டிகள் என்று ஜோடித்து அனுப்பியிருப்பார்கள். பார்க்க அழகுதான், யார் இல்லை என்றது? உள்ளே ஒரு பல்பு போனால்தான் தெரியும் சேதி. ஃபேரிங் பேனல் என்கிற அந்த மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால்தான் பல்பின் முகத்தையே பார்க்க முடியும். போல்ட்டைக் கழற்றியதும் பேனல் கையோடு வந்துவிடும் என்று நினைப்பவன் ஏமாளி. உள்பக்கம் விரல்நகம் அளவில் பிளாஸ்டிக் லாக்குகள் ஒளிந்திருக்கும். எந்தப் பக்கம் சாய்த்து இழுக்க வேண்டும் என்று தெரியாமல் இழுத்தால் படக்கென்று ஒரு சத்தம் வரும். அப்புறம் அந்த வண்டி ஆயுசுக்கும் கடகடவென்று ஆடிக்கொண்டுதான் ஓடும்.

அந்தச் சத்தத்தை முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடத் தன் கையால் எழுப்பாத மெக்கானிக் ஒருவர் இருந்தார். அதனால்தான் அவருக்குப் பஞ்சுக்கை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைத் தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. மற்ற பட்டறைக்காரர்கள், எஞ்சினையே பிரித்துக் கடைபரப்புகிற ஆனானப்பட்ட மெக்கானிக்குகள், பேனல் என்று வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு இவரிடம்தான் வருவார்கள். வந்தவர்களை அவர் சும்மா விடுவதில்லை. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பின தழும்பு ஒன்று கண்ணில் பட்டால் போதும், வண்டியை என்னிடம் கொண்டுவந்தாயா போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுவந்தாயா என்று ஆரம்பித்துவிடுவார்.

அவர் வேலை செய்வதற்கு ஒரு முறை வைத்திருந்தார். வண்டிக்குப் பக்கத்தில் பழைய போர்வை ஒன்றை விரிப்பார். கழற்றிய போல்ட்டு எதையும் டப்பாவில் போடமாட்டார். வண்டியில் எங்கே இருந்ததோ, போர்வையிலும் அதே இடத்தில் வைப்பார். இடது பக்கத்துப் போல்ட்டு இடது பக்கம், மூக்கில் இருந்தது மேலே. எல்லாம் கழற்றி முடித்தால் வண்டியே தரையில் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். திரும்ப மாட்டும்போது கடைசியில் வந்தது முதலில் போகும். எல்லாவற்றையும் முதலில் தொளதொளவென்று மாட்டிவிட்டு, பேனல்கள் ஒன்றோடொன்று சேர்ந்த பிறகுதான் இறுக்குவார். ஒரு போல்ட்டு மிஞ்சினது கிடையாது, ஒன்று குறைந்ததும் கிடையாது.

கூட வேலை செய்தவள் அவருடைய தங்கை. கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு திரும்பி வந்தாள். அவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் பெரியதை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். அவள் வயரிங் வேலை படித்துக்கொண்டு வந்து அண்ணனோடு கீழே இறங்கிவிட்டாள். அவர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவுக்கே அவள் தங்கச்சி ஆனாள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், வண்டிக்குள்ளே என்ன இருக்கிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவேன், மனுஷருக்குள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தாலும் புரியாது என்பார்.

மறதி முதலில் எப்படி வந்தது தெரியுமா? ஒரு வாத்தியாரின் வண்டிக்கு ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேரம் பேனல் எல்லாம் கழற்றினார். டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வண்டி மூடியில்லாமல் நிற்கிறது, போர்வையில் போல்ட்டுகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. உட்கார்ந்தார், எல்லாவற்றையும் ஒன்று தவறாமல் மாட்டினார், துடைத்துக் கொடுத்தார். வாத்தியாரும் போய்விட்டார். சாயங்காலம் அலமாரியில் புது ஃபில்டர் பிரிக்காத பெட்டியோடு இருப்பதைத் தங்கை பார்த்தாள். எப்படி மூடுவது என்று அந்தப் போர்வை சொல்லும். எதற்குத் திறந்தோம் என்று அது எங்கே சொல்லப்போகிறது?

அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அடுத்த மாதம் ஒரு பேட்டரிக்கும் அதே கதை நடந்தபோது அவர் மட்டும் சிரித்தார். தங்கை அவரை டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். ஐம்பத்தாறு வயசுக்கு இது சீக்கிரம்தான், ஆனால் வந்துவிட்டது, போகப் போகக் கூடும், குறையாது என்றார் டாக்டர். அண்ணன் தூக்கம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு படியிறங்கினார். தங்கைக்குப் படி கண்ணுக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். அவர் திறக்க வேண்டியது, உள்ளே இருக்கிற வேலையை அவள் பார்க்க வேண்டியது, அவர் மூட வேண்டியது. டாக்டரம்மா ஆபரேஷன் பண்ணுவாங்க, நான் தையல் போடணுமா என்று கிண்டல் செய்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். எட்டு மாதம் அப்படியே ஓடியது. இந்த வேலையை விட்டால் அண்ணனுக்கு வேறு உலகம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள் அவர் கையில் அது இருக்கட்டும் என்று அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

ஒரு நாள் காலை அவள் வேறொரு பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு நர்ஸம்மா வண்டியை விட்டுவிட்டுப் போனார். முன் பிரேக்குக்கு எண்ணெய் போகிற குழாய் பழசாகிவிட்டது, புதுசு மாற்ற வேண்டும். மறுநாள் மகளைப் பின்னால் உட்காரவைத்து, மலைப்பாதை வழியாகக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விடப்போகிறாராம். தங்கை திரும்பியபோது அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது என்றார். வண்டி அப்போதுதான் வாங்கியது போல மின்னியது.

அவள் சும்மா ஒரு பழக்கத்துக்குப் பிரேக் லீவரை அமுக்கினாள். முதல் இரண்டு தடவை கெட்டியாக நின்றது. மூன்றாவது தடவை லீவர் கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. கீழே முன்சக்கரத்தின் ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது. புதுக் குழாய் கவரோடு மேஜையில் கிடந்தது. பழைய குழாயின் போல்ட்டைப் பாதி தளர்த்திவிட்டு, எதற்கோ எழுந்து போயிருக்கிறார். வந்து மூடிவிட்டார். மலைப்பாதையின் இறக்கத்தில் பின்னால் அம்மாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் அவள் கண்முன் வந்து போனாள்.

இனி இது ஆகாது. இன்றைக்கே அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதலில் வண்டியைச் சரிசெய்ய வேண்டும், அதுவும் அவர் கண்ணில் படாமல். செம்பு வாஷர் வேண்டும் என்று சொல்லி, பிடிவாதமாக நின்று, தூரத்துக் கடைக்கு அவரை அனுப்பினாள். பேனலைத் திறந்தாள். புதுக் குழாயை மாட்டினாள், எண்ணெய் ஊற்றிக் காற்றை வெளியேற்றினாள், லீவரை ஐம்பது தடவை அமுக்கிப் பார்த்தாள். கெட்டியாக நின்றது. எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மூடும்போது பேனலைச் சாய்க்காமல் நேராக அழுத்திவிட்டாள். படக்கென்று ஒரு சத்தம்.

உடைந்த துண்டு போர்வையில் விழுந்தது. அவர் வாஷரோடு வாசலில் நின்றார்.

வந்து குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் எப்போ உடைச்சேன்?"

"நீ இல்லண்ணே. நான்தான் உடைச்சேன்."

"நான் மூடின வண்டியை நீ எதுக்கும்மா திறக்கப் போற?"

கேட்டாரே ஒரு கேள்வி! அதற்குப் பதில் அவளிடம் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் லாக்கை அவர் உடைக்கவில்லை என்று ஆகிவிடும். கூடவே இரண்டு உயிரை மலையில் தள்ளிவிடப் பார்த்தார் என்றும் ஆகிவிடும். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்ட மனுஷரை, செய்யாத தப்புக்கு நிற்கவைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

அவர் சூட்டுக்கோலை எடுத்தார். உடைந்த துண்டை அதன் இடத்தில் வைத்து, பிளாஸ்டிக்கை இளக்கி, உள்ளே மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார். ஆறும் வரை காத்திருந்தார். பேனலை மாட்டினார், எல்லாவற்றையும் தொளதொளவென்று விட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினார். ஒட்டின இடம் எது என்று செய்தவருக்கே தெரியாது. அந்த விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"இனிமே நான் வரலம்மா" என்றார். "கை போயிடுச்சு."

கை போகவில்லை, அது ஒன்றுதான் போகாமல் இருக்கிறது என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

"சரிண்ணே" என்றாள்.

மறுநாள் நர்ஸம்மா வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அவர் கீழே வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் வரவில்லை. ஒன்றரை வருஷத்தில் வாத்தியாரை மறந்தார், தெருவை மறந்தார், சாப்பிட்டதை மறந்தார். தங்கையைச் சில நாள் தங்கை என்பார், சில நாள் நீங்க யாரு என்று மரியாதையாகக் கேட்பார். அது ஒன்று மட்டும் மறக்கவில்லை. மத்தியானம் அவள் சாப்பாட்டுத் தட்டோடு மேலே போனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்.

"அந்த நர்ஸம்மா வண்டியில ஒரு லாக்கை உடைச்சிட்டேன். அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலண்ணே."

"பொண்ணைக் கூட்டிட்டு நல்லபடியா போய்ச் சேர்ந்தாங்களா?"

"சேர்ந்துட்டாங்கண்ணே. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"அப்பாடா" என்பார். "லாக்கோட போச்சு."

அவள் சோற்றைப் பிசைந்து ஊட்டுவாள்.