கண்ணை மறைக்கும் தகடு

பஸ்ஸில் எதிரே உட்காருகிறவரின் மூக்கையும் கன்னத்தையும் கண்ணாலேயே அளந்துவிடுவார் அரியமுத்து. ஆள் முறைத்தால், "கோவிச்சுக்காதீங்க, தொழில் புத்தி" என்பார். கல்லங்குறிச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்ச் சேரும்வரை தினமும் இதே கூத்துதான்.

அங்கே ஆஸ்பத்திரியில், தோலில் வரும் புற்றுக்கு எக்ஸ்ரே கதிர் வைக்கிற அறைக்குக் காரீயத் தகடு வெட்டித் தருகிறார். எழுபத்தெட்டில் சேர்ந்த வேலை. புண் இருக்குமிடத்தில் மட்டும் ஓட்டை. மற்றதை ஈயம் மூடிக்கொள்ளும். ஓட்டை சிறுத்தால் புற்று தப்பித்துவிடும், பெருத்தால் நல்ல தோல் வெந்துவிடும். "டாக்டர் பட்டனத் தட்டுவாரு. காபந்து பண்றது யாரு? நம்ம தகடுதான்!" அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியவரின் மகனை, "அரியமுத்து எங்கேப்பா?" என்று பெரிய டாக்டரே தேடுகிறார் என்றால் சும்மாவா!

சட்டைப் பையில் எந்நேரமும் ஊசியும் நூலும் இருக்கும். கண்ணோரம் கதிர் வைத்துக்கொண்டவர்கள் குணமானதும் அவர் எதிரில் நூல் கோத்துக் காட்ட வேண்டும். டாக்டர் பார்வையைச் சோதித்தது அவருக்குப் போதாது.

போன தையில் அரும்பாவூர் இருசம்மாள் வந்தாள். பருத்தி எடுக்கிற கூலிக்காரி. வலது கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே புற்று.

"கண்ணு போயிடுமாங்க? போயிடும்னா புண்ணோடவே கெடந்துடுறேன்."

அரியமுத்து அவள் முகத்துக்கு மாவுக்கட்டு மாவில் அச்செடுத்து, அதன்மேல் தகட்டைத் தட்டித் தட்டி வளைத்தார். மூக்கோரம் ஒரு நூல் இடைவெளி. தூக்கிப் போட்டார். இரண்டாவதும் அப்படியே.

"போதும்யா, சரியாத்தான் இருக்கு" என்றார் கூட வேலை பார்க்கும் சிங்காரவேலு.

"ஒன் கண்ணா இருந்தா போதும்பியா?"

மூன்றாவதை அவள் முகத்தில் பொருத்தி, டார்ச் அடித்தார்.

"வெளிச்சம் தெரியுதா?"

"ஒரே இருட்டா இருக்குங்க."

"அதான் வேணும்!"

மூன்று வாரம் கதிர் வைத்தார்கள். இடம் சிவந்து, பொருக்குத் தட்டி உதிர்ந்தது. சித்திரையில் திரும்ப வந்தபோது காசளவு வெளுத்த தோல்தான் மிச்சம். டாக்டர் அனுப்பிய பிறகும் போகாமல், தகடு வெட்டும் அறை வாசலில் வந்து நின்றாள்.

அரியமுத்து ஊசியையும் நூலையும் நீட்டினார். வெட்டி மிஞ்சிய துண்டொன்றால் அவளுடைய இடது கண்ணை மறைத்துப் பிடித்தார். இருசம்மாள் நூல் நுனியை நாக்கில் நனைத்து, ஒரே தடவையில் கோத்தாள்.

"பாத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்பும்போது அரியமுத்து அந்த நூலை உருவவில்லை. கோத்த ஊசியை, நாலு பேர் கண்ணில் படும்படி சட்டை மார்பில் குத்திக்கொண்டு பஸ் ஏறினார்.